இடப்பக்கமாக ஓடிய நூல்

மரப்பசையை அவசரப்படுத்தக் கூடாது, ஐயா. டப்பாவில் என்ன அச்சடித்திருந்தாலும் ஒரு முழு நாள் காய விட வேண்டும். இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதி வைத்திருக்கும் விசாரணைத் தாளில் 'மட்டையைப் பழுது பார்த்ததில் ஏற்பட்ட குறை' என்று ஒரு வரி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மைதானத்திலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அந்த வரியை எடுக்கச் சொல்லத்தான் நானாகவே வந்தேன். என் வேலையில் குறை கிடையாது.

நான் தச்சன். மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருடம். கிரிக்கெட் மட்டை பார்ப்பது வீட்டில், துணி துவைக்கிற இடத்தில் போட்ட பலகை மேல், அதுவும் என் தம்பி ஒருவனுக்கு மட்டும். அவன் தண்ணீர் வாரியத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலக அணிக்கு முதலில் இறங்குகிறவன். பதினோரு வருடமாக ஒரே மட்டை. அடிப்பக்கம் பிளந்தால் பசை ஏற்றி இறுக்கிக் கட்டுவேன். விளிம்பு பிய்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். கைப்பிடியின் ரப்பர் உறையை உருவி, நூல் சுற்றி, மறுபடி மாட்டுவேன். என் நூல் வலப்பக்கமாகத்தான் ஓடும். வலக்கைக்காரன் சுற்றினால் அப்படித்தான்.

"எங்கண்ணன் பேட்டுக்கு டாக்டரு. ஆனா பேஷன்ட்ட வீட்டுக்கு அனுப்பத்தான் மனசே வராது" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். உண்மைதான். இரண்டு நாள் வேலையை ஒரு வாரம் வைத்துக்கொள்வேன். எனக்குக் கல்யாணம் காட்சி இல்லை. அவனோடும் அவன் மனைவியோடும் ஒரே வீட்டில் இருந்தேன். ஆடிவிட்டு வந்தால் மட்டையை முதலில் என் கையில் கொடுப்பான், அதன் பிறகுதான் அவளிடம் தண்ணீர் கேட்பான். எனக்கு அது போதும். அதற்கு மேல் எதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

போன மாதம் அடியில் ஒரு விரிசலோடு மட்டை வந்தது. அதைச் சரி செய்தேன். கைப்பிடியில் ஒரு சின்ன முனகல் கேட்டது. உறையை உருவிப் பார்த்தேன். உள்ளே பச்சை நூல். அது இடப்பக்கமாக ஓடியிருந்தது.

வேறு கை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நூலுக்கும் நூலுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இல்லை. முடிச்சைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், என் வேலையை விட நன்றாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

எப்போது நடந்திருக்கும் என்று யோசித்தேன். இரண்டு வருடம் முன்னால் ரம்பத்தில் என் வலது கை மாட்டி, மூன்று மாதம் கட்டோடு கிடந்தேன். அதற்குப் பிறகு அந்த உறையை நான் உருவ வேண்டி வரவே இல்லை. வலிக்குக் கொடுத்த மாத்திரையில் பாதி நாள் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது. அவன்தான் ஊட்டிவிட்டான், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டான், தலை துவட்டிவிட்டான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைக்கூட விடவில்லை. கடைத்தெருவில் விளையாட்டுச் சாமான் விற்கிறவர் இடக்கைக்காரர், மட்டை பழுதும் பார்ப்பார். அந்தக் கடையில் என் தம்பி சிரித்துப் பேசிக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு கையால் எனக்கு ஊட்டிவிட்டு மறு கையால் மட்டையை அவரிடம் நீட்டியிருக்கிறான். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள், அது இதுதான்.

அப்படியும் நான் அவசரப்படவில்லை. அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அலுவலகத்துக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன்.

"இந்தப் பேட்டுல வேற யாராச்சும் கை வச்சாங்களாடா?"

"உன் கைய விட்டா இதுக்கு வேற எந்தக் கைண்ணே இருக்கு?"

என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூடக் கொஞ்சம் தலையைக் குனிவான். கடைக்குப் போனதை மன்னித்திருப்பேன், ஐயா. அந்தச் சிரிப்பை மன்னிக்க முடியவில்லை.

இனி வேலையைச் சொல்கிறேன், சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கைப்பிடியின் கீழ்முனை மட்டைக்குள் ஆப்பு மாதிரி இறங்கி ஒட்டியிருக்கும். அந்த இடத்தை உளியால் திறந்து, உள்ளே இருந்த பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தேன். வெளியே தெரிகிற விளிம்பில் மட்டும் பசை தடவி மூடினேன். ஒரு முழு நாள் காய விட்டேன். லேசாகத் தட்டி ஆடினால் தாங்கும், வேகமாக வருகிற பந்தை இழுத்து அடித்தால் தாங்காது. ஒழுங்காக ஒட்டுவது சுலபம், வேண்டிய அளவுக்கு மட்டும் ஒட்டுவதுதான் கஷ்டம். கடைசியில் புது நூலை வலப்பக்கமாகச் சுற்றி உறையை மாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எதிரணியில் பந்து போட்டவர் ஒரு லாரி ஓட்டுநர், பனைமர உயரம். நெஞ்சுக்கு மேலேதான் போடுவார். என் தம்பி தலைக்கவசம் போட மாட்டான், கண்ணை மறைக்கிறது என்பான். இரண்டும் எனக்குத் தெரியும். அவன் அவமானப்பட்டால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அது பொய்.

நான்காவது பந்தை இழுத்து அடித்தான். கைப்பிடி கையில் நின்றது, மட்டை கழன்று போனது, பந்து நெற்றிப்பொட்டில் பட்டது. நான் ஓடிப் போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "அண்ணே, பேட்டு போச்சுண்ணே. நீ மனசு கஷ்டப்படாத" என்றான். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

பசை விட்டுப்போனது என்று ஊர் பேசுகிறது. கிழவனுக்குக் கை போய்விட்டது என்று அந்தக் கடைக்காரரே சொன்னாராம். பசை விடவில்லை, ஐயா. விடும்படி நான் வைத்தேன். என் தம்பியைக் கொன்றது நான்தான். குறை என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள்.

இப்போது அவன் மனைவியின் கைபேசியில் இருந்ததாக ஒரு வீடியோ படம் காட்டினீர்கள். துணி துவைக்கிற இடம், என் பலகை, வலது கையில் கட்டோடு நான். தம்பி முழங்காலிட்டு மட்டையைப் பிடித்திருக்கிறான். நான் இடது கையால் பச்சை நூலைச் சுற்றுகிறேன். "பாருங்க, எங்கண்ணன் ஒத்தக் கையால சுத்துறான். இந்த நூல நான் சாகுற வரைக்கும் அவுக்க மாட்டேன்" என்று அவன் குரல் கேட்கிறது.

படத்தில் இருப்பது நான்தான், மறுக்கவில்லை. குரலும் அவனுடையதுதான். ஆனால் பச்சை நூல் எந்தக் கடையிலும் கிடைக்கும். மட்டை வேறாக இருக்கலாம். நான் அவிழ்த்த நூலைப் பத்திரமாகச் சட்டைப் பையில் கொண்டு வந்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். மட்டையில் அது எப்படி இருந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இடது கையில் எனக்கு அவ்வளவு நேர்த்தி வராது, ஐயா.