கையளிக்கப்பட்டது

கணினியில் பிழைச் செய்தி வந்தால் பெரும்பாலானோர் அதை முழுதாக வாசிப்பதில்லை. சிவப்பு எழுத்தைக் கண்டவுடன் மூடிவிடுவார்கள். நான் ஒவ்வொரு சொல்லாக வாசிப்பேன், தாளில் எழுதியும் வைப்பேன். இந்த விடயத்திலும் அப்படித்தான் செய்தேன். அந்தத் தாள்கள் வேண்டுமென்றால் வீட்டில் இருக்கின்றன.

என் பெயர் வாகீசன். ஊர் பண்டத்தரிப்பு. கொழும்பில் ஆறு வருடம் கணினி வேலை செய்துவிட்டு வந்தேன். சுபாஜினி அக்காவின் மருந்துக்கடையில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அந்தக் கடைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் முக்கியமான வாடிக்கையாளர்கள். கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ தொலைபேசியில் சொல்வார்கள், அக்கா கொப்பியில் எழுதுவார், கடையில் வேலை செய்யும் றமேஸ் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்த் தாய் தகப்பனிடம் கொடுப்பார். அந்த முறையில் பெரிதாகக் குறை இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பழைய முறை. இணையக் கடை ஒன்று வேண்டும் என்று ஆறு மாதம் கதைத்து அக்காவைச் சம்மதிக்க வைத்தவன் நான்தான்.

மாசி மாதத்தின் முதல் திங்கட்கிழமை இணையக் கடையைத் திறந்தோம். அக்கா கொப்பியை எடுத்து அலுமாரியில் வைத்தார்.

புதிய கடை வேலை செய்யும் விதம் மிகவும் எளிது. வாடிக்கையாளர் அட்டையால் பணம் செலுத்துவார். பணத்தைப் பெற்றுத்தரும் கொழும்பு நிறுவனத்தின் கணினி, பணம் வந்துவிட்டது என்று எங்கள் கணினிக்குச் செய்தி அனுப்பும். அது வந்தால்தான் அக்காவின் திரையில் ஓடர் தோன்றும். வராவிட்டால் அது என் திரையில் மட்டும் 'காத்திருப்பில்' என்று நிற்கும்.

முதல் நாளே எல்லா ஓடரும் காத்திருப்பில் நின்றன. செய்தி ஒன்றுகூட வரவில்லை. எங்கள் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை உறுதிப்படுத்த முடியவில்லை என்று அந்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. சான்றிதழ் முழுமையாக இல்லை, உங்கள் பக்கத்தில் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் பார்த்தேன். என் கைபேசியில் பூட்டுச் சின்னம் ஒழுங்காகத் தெரிந்தது. அக்காவின் கணினியிலும் றமேஸின் கைபேசியிலும் தெரிந்தது. படம் எடுத்து அனுப்பி, பிழை உங்களுடையது என்று பதில் எழுதினேன். அவர்கள் அதே வசனத்தைத் திரும்பவும் அனுப்பினார்கள். அப்படிப் பதினான்கு மின்னஞ்சல்கள். சரியாகத் தெரிகிற ஒன்றைப் பிழை என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு விளங்கும். சான்றிதழை அழித்துப் புதிதாக எடுத்தேன். கணினியின் மணிக்கூட்டைச் சரிபார்த்தேன். எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து பூட்டினேன். அதே சிவப்பு எழுத்து.

"என்ன, ஒருத்தரும் ஓடர் போடேல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

"சனம் பழகக் கொஞ்ச நாள் எடுக்குமக்கா," என்றேன்.

அப்போது பதினொரு ஓடர்கள் நின்றன. பெரும்பாலும் பால்மா, சத்துமா, முழங்கால் பட்டி. கேட்டவர்களுக்கு நானே சமாதானம் சொன்னேன், ஏனென்றால் புதிய கடைக்குக் கொடுத்திருந்தது என் தொலைபேசி இலக்கம். அவற்றில் ஒன்று மட்டும் இன்சுலின். ரொறன்ரோவில் இருக்கும் தனுசியா, தொண்டைமானாற்றில் தனியாக இருந்த தன் தாய் செல்வநாயகிக்கு அனுப்பச் சொன்னது.

அதை நான் கையாலேயே 'பணம் வந்தது' என்று மாற்றியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் அப்படி மாற்றினால் அக்காவின் திரையில் ஓடருக்குப் பக்கத்தில் என் பெயர் விழும். ஏன் கையால் மாற்றினாய் என்று கேட்பார். அதன் பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். வேறு கடையில் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். ஆனால் பிழை எப்படியும் பின்னேரத்துக்குள் சரிவந்துவிடும் என்றுதான் ஒவ்வொரு நாளும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை தனுசியா அழைத்தார். "தம்பி, அம்மாவுக்கு ஊசி மருந்து நேற்றோடை முடிஞ்சுது. இன்னும் வரேல்லை எண்டு சொல்லுறா."

"வாற வழியிலைதான் நிக்குது அக்கா," என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அழைத்தார். அன்று காலையில்தான் கொழும்பிலிருந்து பத்தாவது மின்னஞ்சல் வந்திருந்தது. எனக்கு ஒருவரோடும் கதைக்கிற மனநிலை இல்லை. அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஓடரைத் திறந்து 'கையளிக்கப்பட்டது' என்று மாற்றினேன். பணம் வராத ஓடர் அக்காவின் திரையில் தெரியாது. தனுசியாவின் கைபேசியில் தெரியும்.

"குடுத்தாச்சு அக்கா. உங்கடை போனிலை பாருங்கோ."

அவர் பார்த்தார். "ஓம், காட்டுது. அப்ப அம்மா ஏன் வரேல்லை எண்டு சொல்லுறா?"

"வயது போன ஆக்கள். எங்கையாவது வைச்சிட்டு மறந்திருப்பினம்."

"அதுவும் சரிதான்," என்றார். "இப்ப கொஞ்ச நாளா அவவுக்கு மறதி கூட."

புதன்கிழமை அவரே ஓர் உதவி கேட்டார். தாய் வீடு முழுக்கத் தேடியும் மருந்தைக் காணவில்லையாம், தான் தாயை நன்றாக ஏசிவிட்டாராம், கொண்டுபோய்க் கொடுத்தவரை ஒருக்கால் அனுப்பி எங்கே வைத்தது என்று காட்டச் சொன்னால் பெரிய புண்ணியம் என்றார். றமேஸை அனுப்ப முடியாது. அவருக்கு அந்த ஓடரே தெரியாது. ஆகவே நான் போனேன்.

செல்வநாயகி அம்மா கதவைத் திறந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிர்சாதனப்பெட்டியில் இருந்த சாமான் எல்லாம் வெளியே மேசையில் இருந்தது. அலுமாரிச் சீலைகளும் கட்டிலில் குவிந்து கிடந்தன.

"நீரே மோனை கொண்டுவந்து தந்தனீர்?"

"ஓம் அம்மா."

"எனக்கு உம்மடை முகம் ஞாபகம் வரேல்லை. குறை நினையாதையும். நான் என்ன, கையெழுத்தும் வைச்சனானே?"

"வைச்சனீங்கள்."

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து தேடினோம். சாமியறையில், அரிசி வாளிக்குப் பின்னால், தலையணைக்குக் கீழே. முக்கால் மணித்தியாலம் இருக்கும். எட்டாத இடங்களில் நான் கதிரை வைத்து ஏறிப் பார்த்தேன். இடைக்கிடை அவர் இருந்து செம்பில் தண்ணீர் குடித்தார். இரண்டு தரம் எழும்பிப்போய்ச் செம்பை நிரப்பிக்கொண்டு வந்தார். அது உடம்பில் சீனி ஏறியதன் அடையாளம் என்று பிறகு வைத்தியர் சொன்னதாக அறிந்தேன். எனக்கு அது அப்போதே தெரியும். என் அப்பாவுக்கும் அந்த நீரிழிவு வருத்தம் இருந்தது.

போகும்போது கேட்டார்: "மகளிட்டைச் சொல்லாதையும் மோனை, நான் துலைச்சுப்போட்டன் எண்டு. அவ கஷ்டப்பட்டு உழைக்கிற காசு. நான் இன்னும் தேடிப் பாக்கிறன்."

சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டார் அவரை நினைவில்லாமல் கண்டு ஓட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. மத்தியானம் தனுசியா எனக்கு அழைத்தார். விமானச் சீட்டு எடுத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு நெடுநேரம் அழுதார்.

"நான்தான் தம்பி ஏசினனான். மருந்தைக் கையிலை குடுத்தும் துலைச்சுப்போட்டு நிக்கிறியளே எண்டு கேட்டனான். கடைசியாக் கதைச்ச கதை அதுதான்."

"நீங்கள் கவலைப்படாதைங்கோ அக்கா," என்றேன். "அம்மா மறந்ததுக்கு நீங்கள் என்ன செய்யிறது?"

அதன் பிறகு யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. மற்றவர்கள் பால்மாவுக்குக் காத்திருக்கக்கூடியவர்கள். இரண்டு வாரத்தில் முதல்முறையாக அமைதியாக இருந்து வேலை செய்ய முடிந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிழையைக் கண்டுபிடித்தேன். கிராம சேவகர் தரும் கடிதம் ஊருக்குள் செல்லும். கொழும்பில் காட்டுவதென்றால் பிரதேச செயலரின் மேலொப்பமும் வேண்டும். சான்றிதழும் அப்படித்தான். எங்களுடையதை மட்டும் வைத்திருந்தேன், அதற்கு மேலொப்பமாக நிற்கும் இடைச் சான்றிதழைச் சேர்த்து வைக்கவில்லை. கைபேசிகள் அதைத் தாங்களாகவே தேடி எடுத்துக்கொண்டன. கொழும்புக் கணினி தேடவில்லை. அமைப்பில் ஒரு கோப்பின் பெயரை மாற்றி, இரண்டும் சேர்ந்த கோப்பைக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

தேங்கியிருந்த செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. அக்காவின் திரையில் பதினேழு ஓடர்கள். "பாத்தீரே, சனம் பழகிட்டுது," என்று சிரித்தபடி பொதி கட்டினார். அவற்றுள் செல்வநாயகி அம்மாவின் ஓடரும் பணம் வந்த புது ஓடராக விழுந்திருந்ததை நான் யோசிக்கவில்லை. உண்மையில் மகிழ்ச்சியில் இருந்தேன்.

பின்னேரம் றமேஸ் குளிர்ப்பெட்டியோடு திரும்பி வந்தார். "அக்கா, தொண்டைமானாத்திலை செத்தவீடு நடக்குது. மகள் வந்திருக்கிறா. மருந்து போன கிழமையே வந்திட்டுதெண்டு சொல்லுறா. பிறகு ஏன் திரும்பக் கொண்டுவந்தனீங்கள் எண்டு கேக்கிறா."

அக்கா அந்த ஓடரின் பழைய பதிவைத் திறந்தார். எட்டு நாளுக்கு முந்திய திகதியும் 'கையளிக்கப்பட்டது' என்ற சொல்லும் அதன் கீழே என் பெயரும் இருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, வாகீசன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு போய் அந்தக் கொப்பியை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தார்.

மருந்து போகவில்லை என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அது இல்லாமல் அவர் இருக்க முடியாது என்பதும் தெரியும். இரண்டையும் வாக்குமூலத்தில் அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். அந்தக் கொழும்பு நிறுவனத்தார் தாங்கள் முதல் நாளே சொன்னதாக உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள் போல. அதை மட்டும் திருத்திவிடுங்கள். பிழையைக் கண்டுபிடித்தது நான். ஒருவரும் எனக்கு உதவவில்லை.