வலிப் பலகை

ஐம்பத்தேழு வயதில் மல்யுத்தம் செய்கிறவனுக்குப் பாதி நேரம் முழங்கால் உறை மாட்டுவதிலேயே போய்விடும், சார். மீதியில் பாதி, மாட்டிய உறையைச் சரிசெய்வதில். அதற்கப்புறம் கிடைக்கிற பத்து இருபது நிமிஷம்தான் மல்யுத்தம். அந்தப் பத்து இருபது நிமிஷத்தை நினைத்துக்கொண்டுதான் வாரம் முழுக்க லிஃப்ட் குழிகளில் இறங்கி ஏறுவேன். லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். முப்பத்தொரு வருஷத்தில் என் கையால் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஏழு பேர். எல்லாருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு வரை, ஒரு பழைய கிடங்கின் மாடியில் மெத்தை விரித்துக் குஸ்தி பிடிப்போம். கீழே டீ போடுகிறவர் தாத்தா சங்கம் என்று கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். ஒரு ஆளைக் கட்டிப் பிடித்து, அவன் மூச்சு எந்தப் பக்கம் போகிறது என்று காதாலேயே கேட்டு, அவன் நினைப்பதற்குள் காலை வாரிவிடுகிற சுகம் டீ போடுகிறவருக்குத் தெரியாது.

என் ஜோடி தையல்காரன். என் வயதுதான், என் எடைதான். பத்தொன்பது வருஷம் நாங்கள் இருவரும்தான் பிடித்தோம். என்னை மச்சான் என்பான். அவன் மனைவி என்னை அண்ணே என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். என் வீட்டுக்காரி மட்டும், "என்னைக் கட்டினதுக்கு அவரையே கட்டியிருக்கலாம், எனக்கும் நிம்மதியா இருந்திருக்கும்" என்பாள். வயதானவர்கள் போட்டிக்கு வருஷத்துக்கு ஒருமுறை வெளியூர் போவோம். அவன் காரில் முன் இருக்கை என்னுடையது. என் முழங்காலுக்கு அளவெடுத்து, உள்ளே மெத்தென்று துணி வைத்து, ஓரத்தில் நீல நூல் ஓட்டி ஒரு உறை தைத்துக் கொடுத்தான். அந்த மாதிரி உறை உலகத்தில் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்ட் குழிக்குள் ஆள் இறங்கினால் மேலே ஒரு பலகை தொங்கும்: உள்ளே ஆள் இருக்கிறார், இயக்காதீர். மாட்டியவன்தான் அதைக் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. இந்த வழக்கத்தை எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தவன் நான்தான். முன்பெல்லாம் வந்ததும் ஆளாளுக்குத் தங்கள் வலியைச் சொல்லத் தொடங்குவார்கள். ஏழு பேர் புராணம் முடிவதற்குள் ஏழு மணி ஆகிவிடும். நான் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினேன். வாயால் சொல்லக்கூடாது. பேரை எழுதி, அன்றைக்கு எங்கே தொடக்கூடாதோ அதை எழுது. பிடிக்கப் போகிறவன் படித்துவிட்டுத்தான் மெத்தைக்கு வர வேண்டும். எழுதியவன்தான் அழிக்க வேண்டும். வலிப் பலகை என்று பேர் வைத்தார்கள். பதினோரு வருஷம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன வருஷம் ரொட்டிக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது. நல்ல மனுஷர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பலகையை ஒரு வரி விடாமல் படிப்பார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைப்பார். அப்புறம்தான் மெத்தையை மிதிப்பார்.

தையல்காரன் ஒரு ஞாயிறு அவரோடு பிடித்துப் பார்த்தான். "ஆளு புதுசா பிடிக்கிறாரு மச்சான். நீ அடுத்து என்ன பண்ணுவேன்னு எனக்குத் தூக்கத்துலயும் தெரியும்" என்றான். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் அவரோடு பிடித்தான். மூன்றாவது ஞாயிறு நான் ஓரமாக உட்கார்ந்து முழங்கால் உறையை மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். ரொட்டிக்கடைக்காரருக்கு ஒரு பிடி கைவந்திருந்தது. தலையையும் ஒரு கையையும் சேர்த்து அணைத்து, இடுப்பில் ஏற்றிப் போடுவார். தையல்காரன் விழுந்து கிடந்து சிரிப்பான். என்னிடம் விழுந்து அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அந்தக் குணம் கிடையாது. கூட வேலை பார்த்தவனுக்குப் பதவி உயர்வு வந்தபோது கேக் வாங்கிக் கொடுத்தவன் நான். ஆனால் எதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. முதல் மூன்று மாதம் அவரை சார் என்று கூப்பிட்டான். நாலாவது மாதம் மச்சான் என்றான். அந்த வருஷப் போட்டிக்கு, "கார்ல அவரு முன்னாடி உக்காரட்டும், அவருக்கு வண்டியில குமட்டும். நீ பின்னாடி ஃப்ரீயா காலை நீட்டிக்க" என்றான். நான் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். அவர்கள் போய்வந்த அடுத்த ஞாயிறு ரொட்டிக்கடைக்காரர் கால்சட்டையை மடித்துவிட்டு முழங்கால் உறையை மாட்டினார். மெத்தென்ற துணி. ஓரத்தில் நீல நூல்.

வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் அவரிடம், நன்றாகத் தைத்திருக்கிறான் என்று சொல்லித் தையலைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். என்னுடையதைவிட நெருக்கமான தையல்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை தையல்காரன் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு ஒரு ஸ்கேன் படத்தைக் காட்டினான். கழுத்து எலும்பில் இரண்டு இடம் தேய்ந்து, நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் பாரம் ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"வீட்ல அவகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா மெத்தை பக்கமே விடமாட்டா. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்றான்.

"அப்போ பிடிக்கப் போறியா?"

"பலகையில எழுதிட்டா போச்சு. நீ மாட்டின பலகைதானே."

உன்னிடம் மட்டும் என்று அவன் சொன்னது எனக்கு இரண்டு நாள் நன்றாக இருந்தது. அந்த ஞாயிறு அவன் என்னோடு பிடிப்பான் என்று நினைத்துக்கொண்டு போனேன். விஷயம் தெரிந்தவன் நான்தானே. அவன் பலகையில் எழுதினான்: வலது முழங்கால். அதன் கீழே: கழுத்து, தொடாதீங்க. எழுதிவிட்டுத் திரும்பி, "அவரு வந்துட்டாரா?" என்று என்னிடம் கேட்டான். இன்னும் இல்லை என்றேன். உடை மாற்றப் போனான்.

மற்றவர்கள் மெத்தையில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கீழ் வரியைக் கட்டைவிரலால் அழித்தேன். முழங்காலை விட்டுவைத்தேன். நான் எதையும் எழுதவில்லை, சார். பொய்யாக ஒரு எழுத்துக்கூட அந்தப் பலகையில் என் கையால் ஏறவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் வந்தார். கண்ணாடியைப் போட்டார், படித்தார், கழற்றினார். அவர் ஜாக்கிரதையான ஆள் என்பதால் முழங்கால் பக்கமே போகவில்லை. தையல்காரன் கழுத்தை எழுதிவிட்ட தைரியத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனான். ஒரு நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். தலையையும் கையையும் சேர்த்து அணைத்து அவர் இடுப்பில் ஏற்றினார். சத்தம் பெரிதாக இல்லை.

முதலில் ஓடியவன் நான். வேலையில் முதலுதவி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் உயிர் தங்கியதே அதனால்தான் என்று மருத்துவர் சொன்னார். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. பேச்சும் புத்தியும் அப்படியே இருந்தன. நினைவு தெளிந்ததும் என்னிடம் கேட்டான், "மச்சான், நான் கழுத்தை எழுதினேன்ல?"

"முழங்கால்தான் எழுதியிருந்தே" என்றேன்.

"எழுதின மாதிரி இருக்கு. கிழடு தட்டிருச்சு போல" என்றான்.

அதற்கப்புறம் எட்டு மாதம். ரொட்டிக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுத் தன் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். நான் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் தையல்காரன் வீட்டுக்குப் போவேன். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். அக்குளுக்குக் கீழே கைகொடுத்து, மார்போடு சேர்த்துத் தூக்கி, நாற்காலியில் உட்காரவைப்பேன். பத்தொன்பது வருஷம் என் பிடியிலிருந்து நழுவிய உடம்பு, இப்போது நான் வைத்த இடத்தில் இருந்தது. வேறு யார் தூக்கினாலும் வலிக்கிறது என்பான். தோளுக்கு மேலே உணர்வு இருந்ததல்லவா. "அண்ணே இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போம்" என்பாள் தங்கச்சி. தப்பாக நினைக்காதீர்கள், அந்த எட்டு மாதமும் நன்றாகத்தான் போயிற்று. என் முதுகுவலிகூடக் குறைந்தது.

நேற்று ரொட்டிக்கடைக்காரர் வந்தார். பாதி ஆளாகியிருந்தார். கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிரு மச்சான், நான் உன்னை முடிச்சிட்டேன்" என்று அழுதார். ஒரு பெரிய மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் ஜன்னல் பக்கம் நின்று அவன் கால் விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

தையல்காரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "விடு மச்சான். நீ என்ன பண்ணுவ? நான்தான் எழுத மறந்துட்டேன். உன்னை நினைச்சுத்தான் எட்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல. அந்த ஆளு என்ன பாடு படுறாரோன்னு" என்றான்.

எட்டு மாதம், சார். நான் தூக்கி உட்காரவைத்த ஒவ்வொரு காலையும் அவன் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பிறகு என்னைப் பார்த்து, "நாளைலேருந்து இவரு வரட்டும் மச்சான். இவருக்கும் மனசு ஆறும். நீயும் பாவம், இடுப்பைப் பிடிச்சிட்டு நடக்கிற" என்றான். இன்று காலை நான் போனபோது ரொட்டிக்கடைக்காரர் அவனைப் புரட்டி முடித்திருந்தார். அவன் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். வலிக்கிறது என்று சொல்லவில்லை. தங்கச்சி எனக்கு டீ கொடுத்து, விருந்தாளிக்குப் போடுவதுபோல நாற்காலி போட்டாள்.

அங்கிருந்து நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தியதா என்று நீங்கள் கேட்டீர்கள். உறுத்தியிருந்தால் எட்டு மாதத்துக்கு முன்பே வந்திருப்பேனே. ஒரு தப்பு இன்னொருவர் பேரில் நிற்கிறது, அதைத் திருத்த வந்தேன், அவ்வளவுதான். அவரை மன்னிப்பதற்கு அவனுக்கு உரிமை இல்லை. மன்னிக்க வேண்டியது என்னை. வெறுக்க வேண்டியதும் என்னைத்தான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். தண்டனை பற்றி எனக்குக் கேள்வி இல்லை. ஒரே ஒரு உதவி. இதைக் கடிதத்தில் அனுப்பாமல் நீங்களே நேரில் போய் அவனிடம் படித்துக் காட்டுங்கள், ரொட்டிக்கடைக்காரர் பக்கத்தில் இருக்கும்போது. அவனால் எழுந்து வெளியே போக முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கப்புறம் யார் தூக்கினாலும், யார் புரட்டினாலும், அவன் நாள் முழுக்க என்னைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான்.