பதினேழு வோல்ட் வேண்டும்

— மீட்டரை நீங்களே பாருங்க சார். ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் பதினாலு வோல்ட்டைத் தாண்ட மாட்டேங்குது. வண்டி நல்லாத்தான் இருக்கு.

— அதுதாண்ணே பிரச்சினையே. போன மாசம் இதே வண்டி பதினேழு காட்டுச்சு. முறுக்கினா பல்பு பட்டு பட்டுன்னு போகும், பேட்டரி கொதிக்கும். அதே மாதிரி ஆக்கிக் குடுங்க.

— ரிப்பேரைச் சரி பண்ணுங்கன்னு வர்றவங்களைப் பாத்திருக்கேன் சார். ரிப்பேர் ஆக்கிக் குடுன்னு வந்தது நீங்க ஒருத்தர்தான்.

— கெட்டுப்போன ரெகுலேட்டர் கடையில ஒண்ணு கூடவா கிடக்காது? அதை மாட்டி விடுங்க.

— கரண்டைக் கட்டுக்குள்ள வைக்கிறதே அந்தப் பொட்டிதான் சார். கெட்டதை மாட்டினா ஒயரெல்லாம் எரிஞ்சு போயிடும்.

— எரியாது. அதிகமா வர்ற கரண்டைத் தின்னு தீர்க்க ஆள் வச்சிருக்கேன்.

— ஆளா?

— என் வீட்டுக்காரி. பின்னாடி உக்காந்துக்குவா. மடியில ஃபோகஸ் லைட்டு, கையில லாரியில மாட்டுற சின்ன ஃபேன். ரெண்டுக்கும் பேட்டரியில இருந்து ஒயர் இழுத்திருக்கேன். ரெண்டும் ஓடினா வோல்டேஜ் இறங்கிடும்.

— பட்டப்பகல்லயா? ரோட்டுல யாரும் சிரிக்கலையா சார்?

— எங்கண்ணே. சிக்னல்ல ஒருத்தர், கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கம்மான்னு காத்து வாங்கிட்டுப் போறார்.

— சரி, அவங்க எப்படி இதுக்கு ஒத்துக்கிட்டாங்க?

— அதுக்கு முன்னாடி நாங்க பேசிக்கிறதே இல்லண்ணே. தண்ணி வேணும்னாக்கூட சுவரைப் பாத்துத்தான் கேப்போம். அவ பஸ்ல போவா, நான் வண்டியில போவேன். பல்பு வெடிச்ச அன்னைக்கு, பின்னாடி யாராவது ஃபேன் பிடிச்சாத்தான் வண்டி பிழைக்கும்னு சுவத்துகிட்ட சொன்னேன். மறுநாளே வந்து பின்னாடி ஏறிட்டா. மொத நாள், ஃபேனை நிறுத்தவான்னு மட்டும் கேட்டா. இப்போ ஆபீஸ் வாசல் வரைக்கும் வாய் ஓயறதில்ல.

— நல்லதுதானே சார்.

— வண்டி சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா மறுபடியும் பஸ் ஏறிடுவாண்ணே. எனக்கு அவ வேணும். பதினேழு முடியாட்டி ஒரு பதினாறாவது வச்சுக் குடுங்க.

— சார், இதைச் சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன்.

— யாருக்கு?

— போன ஞாயித்துக்கிழமை நீங்க மத்தியானம் தூங்கிக்கிட்டு இருந்தப்ப, உங்க வீட்டம்மாதான் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. பேட்டரி வெடிச்சு அவருக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு புது ரெகுலேட்டர் மாட்டச் சொன்னாங்க. மாட்டினதும், அவருக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா ஃபேனை வாங்கி வச்சுட்டு என்னைப் பஸ்ல அனுப்பிடுவாருன்னு அழுதாங்க சார்.