யார் முதலில் சிவப்பு வைப்பது?

முதலில் ஒரு மன்னிப்பு. நாலு பேர் கூடிய இடத்தில் ஓரத்து நாற்காலியைத் தேடுகிறவள் நான். பேச வேண்டியவர் விடுப்பில் போனதால் என்னை மேடையில் நிறுத்திவிட்டார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைமை தாங்கி, சற்றுமுன் ஒரு தேதியையும் அறிவித்து அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே! கட்டடம் கட்டிக் கட்டியே கண்ணாடியின் பவரைக் கூட்டிக்கொண்ட மூத்த பொறியாளர்களே! பிள்ளைகள் பார்ப்பது என்ன வேலை என்று புரியாமலேயே பெருமைப்படும் தாய்மார்களே! மூன்றாவது வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிச் சிரிக்கும் என் தாயே! இன்று பணியில் சேரும் புதிய ப்ராஜெக்ட் மேனேஜர்களே! எல்லோருக்கும், சற்றே களைத்துப்போன என் வணக்கம்.

"சத்தமா!" என்கிறார் பின்னால் ஒருவர். இதற்குமேல் என்னிடம் சத்தம் ஸ்டாக் இல்லை ஐயா. மைக்கை இழுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். வேலை கிடைத்த அன்று அம்மா கேட்டார்:

"கட்டடம் நீயா கட்டுவே?"

"இல்லம்மா."

"படமாவது போடுவியா?"

"இல்லம்மா. அவங்கவங்க வேலையை நேரத்துக்குச் செய்றாங்களான்னு பாத்துக்குவேன்."

"அடிப்பாவி! அதைத்தானே நான் இந்த வீட்டுல சம்பளமில்லாமப் பாத்துட்டிருக்கேன்!"

இந்தக் கைதட்டல் அவருக்கு. எனக்கு வேண்டாம்.

புதியவர்களே, உங்களுக்கு என்ன சொல்ல? அட்டவணை போடுங்கள் என்றா? போடுவீர்கள். கூட்டம் நடத்துங்கள் என்றா? நடத்தி நடத்தி நாற்காலியே தேயும். நான் சொல்ல வந்தது ஒரு பலகையைப் பற்றி.

திங்கள்தோறும் எல்லோரும் அதன்முன் நிற்போம். வேலை ஒழுங்காகப் போனால் பச்சை வில்லை. இழுத்தால் மஞ்சள். நின்றுபோனால் சிவப்பு. குழந்தைகள் மருத்துவமனைக்கு நாங்கள் கட்டும் புதிய வார்டின் பலகையைப் பாருங்கள்: மேலே பச்சை, கீழே பச்சை, பார்த்த இடமெல்லாம் பச்சை! பூங்கா தோற்றுப்போகும்.

அந்தப் பூங்காவின் பின்னால், டீ மெஷின் பக்கத்தில், ஆக்சிஜன் குழாய் போடுகிறவரும் சீலிங் போடுகிறவரும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"என்ன தம்பி, குழாய் டெஸ்ட் முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதாண்ணே. உங்க சீலிங் பலகையெல்லாம் வந்துடுச்சா?"

"வந்த மாதிரிதான்."

"அப்போ நீங்க முதல்ல சிவப்பு வைங்கண்ணே. உங்களால லேட்டுன்னு ஆனா, அந்த நேரத்துல சத்தமில்லாம நானும் முடிச்சுடுவேன்."

"நல்லா இருக்கே கதை! நீ வெப்பேன்னுதானே நான் உக்காந்திருக்கேன்!"

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். இருவரும் கெட்டவர்களா? இல்லை. சோம்பேறிகளா? இல்லவே இல்லை. முதல் சிவப்பு வைத்தவர் தலையில்தான் ஊர்ப்பட்ட தாமதமும் விழும். அதனால் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கிறார்; மற்றவர் இவருக்காகக் காத்திருக்கிறார்.

பிறகு சீலிங் பலகைகள் வந்தன. வந்த வேகத்தில் சீலிங்காரர், உள்ளே ஓடும் குழாயோடு சேர்த்துக் கூரையை மூடினார். குழாய்க்காரர் தடுத்தாரா? எப்படித் தடுப்பார்? பச்சை வைத்துவிட்ட குழாயை மூடாதே என்று எந்த வாயால் சொல்வார்?

ஒரு நாள் முழுக்கக் காற்றை அடைத்து வைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டிய குழாய் அது. சோதனை முடிந்ததா என்று நேரில் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது.

அதன் கீழே படுக்கப்போவது யார்? நீங்களா, நானா? மூச்சுக்குத் தவிக்கும் குழந்தை. தவிக்கிறேன் என்று சொல்லக்கூடப் பேச்சு வராத குழந்தை!

மேலதிகாரியிடம் போனேன். "இப்போ பிரிச்சா பெயிண்டெல்லாம் பாழாயிடும்மா. திறப்பு விழா முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். அதுவரை பச்சையாவே இருக்கட்டும்" என்றார். அவரும் நல்லவர்தான். அவருக்கு மேலேயும் ஒரு பலகை இருக்கிறது. அதிலும் பச்சைதான் இருக்கிறது.

இதோ, துண்டுச் சீட்டு வருகிறது. "நேரமாகிவிட்டது." ஆமாம் ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

புதியவர்களே, கெட்ட சேதியைச் சுமப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். நல்ல சேதி தானாக நடந்து வரும். கெட்ட சேதிக்குக் கால் கிடையாது, நாம்தான் தூக்கி வர வேண்டும். முதல் சிவப்பை நீங்கள் வையுங்கள். உங்களிடம் வேலை செய்கிறவர் வைத்தால், அவரைத் திட்டாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த நிர்வாகம்.

இனி, இவ்வளவு நேரம் தொண்டையிலேயே நிறுத்தி வைத்திருந்த ஒரு வேண்டுகோள். தலைவர் அவர்களே, வருகிற திங்கட்கிழமை வார்டு திறப்பு என்று அறிவித்தீர்கள். அரங்கமே கைதட்டியது. பழக்கதோஷம், நானும் தட்டினேன். பலகைக்குப் போக வேண்டிய இந்தச் சிவப்பு வில்லையை என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். இப்போது உங்கள் மேசைமேல் வைக்கிறேன்.

தேதியைத் தள்ளி வையுங்கள். கூரையைப் பிரிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அறையில் பேசலாம் என்று சொல்லிவிடாதீர்கள் ஐயா. அறைக்குள் போனால் எனக்குப் பேச்சு வராது.

கேட்டவர்களுக்கு நன்றி. அம்மா, பயப்படாதே, உட்கார். அனைவருக்கும் வணக்கம். மைக்கை அணைக்கவில்லை, உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன் ஐயா.