பூச்சியம் பேருக்குப் போன எச்சரிக்கை

– செய்தி அனுப்புற புரோகிராம் கிடக்கிற கண்டெய்னர் நிண்டுபோகேல்லை, ஜெயகௌரி அக்கா. இஞ்சை ஸ்கிரீனைப் பாருங்கோ, பச்சை லைட். நேற்றுத் தொடக்கம் பச்சைதான்.

– அந்தப் பச்சையை என்ரை முகத்துக்கு நேரை காட்டாதையும், கஜானன். குருநகரிலை ஒருத்தருக்கும் காத்து எச்சரிக்கை போகேல்லை. அஞ்சு வள்ளம் அடிபட்டுத் திரும்பி வந்திருக்கு. சிமியோன் அண்ணை இன்னும் வரேல்லை.

– போனுகளுக்கு எச்சரிக்கை அனுப்புற ஸ்கிரிப்ட் ஓடியிருக்கு அக்கா. விடிய மூண்டு மணி, சொன்ன நேரத்துக்கு.

– எத்தினை பேருக்கு அனுப்பினது? வாசியும்.

– பூச்சியம்.

– பிழை எத்தினை?

– அதுவும் பூச்சியம்.

– பூச்சியம் பேருக்கு அனுப்பிப்போட்டு, பூச்சியம் பிழையாம். கண்டெய்னர் உயிரோடை கிடக்கோ எண்டு மட்டும் பாக்கிற லைட்டை வைச்சுக்கொண்டு எனக்குப் படம் காட்டுறீர். சீ! நேற்று என்ன செய்தனீர்?

– சிம்பிளான வேலை அக்கா. பழைய கண்டெய்னரை அழிச்சுப்போட்டுப் புதுசு எழுப்பினனான். எல்லாரும் அப்பிடித்தானே செய்யிறவை.

– அழிக்கத்தான் வேணும். அது பாவிச்சுப்போட்டு எறியிற பெட்டி. அதாலைதான் உள்ளுக்கை ஒண்டையும் சேமிக்காதையும், வெளியிலை, அழியாத வொல்யூமிலை வையும் எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். போன் நம்பர் எல்லாம் எங்கை இருந்தது?

– உள்ளுக்கைதான் அக்கா.

– இருநூற்றிப் பன்ரண்டு நம்பர். சிமியோன் அண்ணையின்ரை மனிசி, மரியநாயகி அக்கா, வெயிலுக்கை வீடு வீடாய் ஏறி இறங்கி எழுதிக்கொண்டு வந்து தந்தவ.

– கொப்பி அவவிட்டை இருக்கும்தானே? சிம்பிளா வாங்கித் திருப்பி ஏத்தலாம். ஒரு மணித்தியாலம் காணும்.

– அவவின்ரை புருசனைக் கடல்லை தேடுகினம். அவவிட்டைப் போய்க் கொப்பி கேக்கப்போறீரோ? வாய் கூசேல்லையே உமக்கு?

– நான் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா.

– நில்லும், உதென்ன கீழை? "சேவை தடையின்றி இயங்கியது." இண்டைக்கு எட்டரைக்கு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறீர். ஏழரைக்கே வள்ளக்கதை உமக்குத் தெரியும்.

– கண்டெய்னர் தடையில்லாமல்தானே இயங்கினது. அதிலை பொய் ஒண்டும் இல்லை.

– பொய் சொல்லியிருந்தாலும் மனிசன் எண்டு நினைச்சிருப்பன். அழுகின மீனுக்குப் பக்கத்திலை இருந்து சோறு தின்னலாம், உம்மோடை ஒரு மேசையிலை இருக்கேலாது. நீர் தின்னுற அந்த ரோல்ஸை அங்காலை வையும்.

– உங்கடை போன் அடிக்குது அக்கா. மரியநாயகி எண்டு கிடக்கு.

– ஸ்பீக்கரிலை போடும். நீரும் இருந்து கேளும். ஹலோ அக்கா, ஜெயகௌரி கதைக்கிறன். அண்ணை வந்திட்டாரோ?

– இல்லைப் பிள்ளை. மாதாவே, வள்ளம் மட்டும் மண்டைதீவுப் பக்கம் கவிண்டு கிடக்காம். இவரைக் காணேல்லையாம்.

– அக்கா, எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிழை எங்கடை. இஞ்சை நம்பர் எல்லாம் அழிஞ்சுபோச்சு. எங்கடை ஆள் ஒருத்தர் செய்த வேலை.

– அப்ப காத்து வரும் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சு இருந்ததோ பிள்ளை?

– ஓம் அக்கா. செய்திதான் ஒருத்தருக்கும் போகேல்லை.

– மனிசன் விடிய எழும்பி வானத்தைப் பாத்திட்டு, "மேகம் சரியில்லை, நான் போகேல்லை" எண்டு திரும்பிப் படுத்தவர். பங்கு மண்டபத்திலை கூட்டம் வைச்சு நீங்கள்தானே பிள்ளை சொல்லித் தந்தனீங்கள், செய்தி வராட்டில் பயமில்லாமல் போகலாம் எண்டு? நான்தான் போனைக் கொண்டுபோய், செய்தி ஒண்டும் வரேல்லை எண்டு காட்டி, எழுப்பி அனுப்பினனான்.