போகிக்குத் துவைத்த திரைச்சீலைகள்

திரைச்சீலையைத் துவைத்ததும் நேர் வெயிலில் போடக்கூடாது சார். சாயம் வெளுத்துவிடும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில், காற்று வரும் இடத்தில் போடவேண்டும். புதுப்பட்டினத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது உப்புக்காற்று, இரும்பு என்று ஒன்றை விட்டுவைக்காது.

அதனால்தான் எங்கள் வீட்டில் நைலான் கயிறு. முன்பு கம்பிக்கொடிதான் இருந்தது, மீட்டருக்கு லைன் வருகிற இரும்புப் பைப்பில் கட்டி. கார்த்திகை மழையில் ஒருநாள் ஈரத்துணி போட்டபோது கை சுரீர் என்றது. அன்றே கம்பியைச் சுருட்டிப் பரணில் போட்டேன். அந்தப் பைப் பக்கமே போகாதே என்று அனுவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். குழந்தை இருக்கிற வீடு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், பொங்கல் வந்துவிட்டது.

அனு என் தங்கை துர்காதேவி பெற்ற பெண். ஒன்றரை வயதில் என்னிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். ஏழு வருஷம். அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். என்னைத்தான் அம்மா என்பாள், துர்கா அவளுக்குக் குவைத் அம்மா. வீட்டுக்காரர் போனபிறகு எனக்கென்று இருந்தது அந்த ஒரு உயிர்தான்.

போகிக்கு முந்தின நாள் துர்கா வந்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போதே சொன்னாள்.

"மதுராந்தகத்துல வூடு பாத்துட்டேன்க்கா. காணும் பொங்கல் முடிஞ்சதும் அனுவ இட்டுகினு போறேன்."

"பாதிப் படிப்புல எங்கடி இட்டுகினு போவ?"

"இன்னாக்கா, எம் பொண்ணுதான? இத்தினி நாளு நீ பாத்துக்கினதே பெருசு. இனிமேட்டு ரெஸ்ட் எடு."

ரெஸ்ட். காலில் விழுந்தேன். பரீட்சை வரைக்குமாவது விட்டுவை என்று கெஞ்சினேன். அவள் என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கெட்டவள் இல்லை சார்.

போகியன்று விடியற்காலையில் வாசலில் பழையதை எரித்தோம். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம். கூடவே நைலான் கயிற்றையும் அவிழ்த்துப் போட்டேன்.

"நல்லாத்தானம்மா கீது?" என்றாள் அனு.

பழசு என்றேன். பிறகு பரணிலிருந்து கம்பியை எடுத்து, பழைய இடத்திலேயே ஜாக்கிரதையாகக் கட்டினேன்.

எட்டு திரைச்சீலை. ஒரு ஆள் பிழிய முடியாது. ஒரு முனையை நானும் மறுமுனையை துர்காவும் பிடித்து முறுக்கினோம், சின்ன வயதில் அம்மா புடவையைப் பிழிந்ததுபோல. அவள் சிரித்தாள்கூட.

"நீ குந்துக்கா, நான் போட்டுட்டு வர்றேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு போனாள். கூப்பிட்டிருக்கலாம். நான் ஜன்னலில் எந்தத் திரையை எங்கே மாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு அனு ஓடினாள். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தொடக்கூடாது என்று எனக்குத் தெரியும். மெயினை அணைக்கச் சொல்லிக் குழந்தை கத்தினாள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மெயின் சுவிட்ச் என் தோளுக்கு மேலேயேதான் இருந்தது. அவளைப் பிடித்திருந்த கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊரே விபத்து என்றுதான் அழுதது. கயிற்றை எரித்ததை உங்களிடம் சொன்னது அனு என்கிறீர்கள். சொல்லட்டும், பொய் சொல்ல வளர்க்கவில்லை அவளை. செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள்.

அவளை ஏதோ ஹோமில் வைத்திருக்கிறார்களாமே. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, என் பெயரைச் சொன்னாலே அலறுகிறாள் என்று அங்கேயிருந்து வந்த மேடம் சொன்னார்கள். அது பசி சார். என் கையால் ஊட்டினால்தான் அவளுக்கு இறங்கும். ஒரு அரைமணி நேரம் என்னை அங்கே கூட்டிப்போங்கள், அம்மாவைப் பார்த்தால் சரியாகிவிடுவாள்.