விளக்குக் கட்சியின் அறுபது ஜெனரேட்டர்கள்

நல்ல ஸ்டிக்கர் மழையில் உரியக் கூடாது. முப்பது வருஷம் போர்ட்டோ ரீக்கோவில் தேர்தல் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். வேட்பாளர் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், முதல் தூறலிலேயே சாயம் போய்விடுவார்கள்.

நீங்கள் கேட்டது ஜெனரேட்டர்களைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். ஆனால் அந்தத் தேர்தல் எப்படிப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நீங்களும் ஓட்டுப் போட்டிருப்பீர்கள். எந்தச் சின்னம் என்று கேட்க மாட்டேன்.

கவர்னர் நாற்காலி ஒன்று, ஆசைப்பட்டவர்கள் ஐந்து பேர். கப்பல் கட்சிக்காரர் பதவியில் இருந்தவர்; நான்கு வருஷத்தில் அவர் திறந்துவைத்த சாலைகளில் பாதி, திறப்பு விழாவுக்கு வந்த கார்களின் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டன. மாட்டுவண்டிக் கட்சிக்காரரின் தாத்தாவும் நின்றார், அப்பாவும் நின்றார், இவரும் நின்றார். மூன்று பேருக்கும் ஒரே பேச்சு. மணிக் கட்சியின் பாதிரியார், இளசுகள் இடுப்பை ஆட்டுவதால்தான் மின்சாரம் போகிறது என்று கூட்டத்தில் சொன்னார். ஆமைக் கட்சியின் பேராசிரியை எந்தக் கேள்விக்கும் இன்னொரு கேள்வியைத்தான் பதிலாகத் தருவார். ஐந்தாவது நாங்கள், விளக்குக் கட்சி.

எங்கள் ஆள் தோபியாஸ் லூகோ. பதினெட்டு வருஷம் தொலைக்காட்சியில் வானிலை சொன்னவர். நாளை மழை இல்லை என்று அவர் சொன்னால் தீவு முழுக்கத் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துவிடுவார்கள். இருந்தாலும் அவரைப் பிடிக்கும். தப்பாகச் சொன்ன மறுநாள் திரையில் வந்து, “நேத்து நனைஞ்சவங்க மன்னிச்சுக்கோங்க” என்று சிரித்தபடி சொல்கிற மனுஷனை யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் பிடிப்பது வேறு, ஓட்டு வேறு. செப்டம்பர் கருத்துக் கணிப்பில் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான் எங்கள் பக்கம். இங்கே இரண்டாம் சுற்று கிடையாது. ஐந்து பேர் நின்றால் நூற்றில் இருபத்தைந்து, இருபத்தாறு பேர் போதும். மிச்சம் எழுபத்துச் சொச்சம் பேர் காறித் துப்பினாலும் நீங்கள்தான் கவர்னர். எனக்குத் தேவைப்பட்டது இன்னும் ஒரு பன்னிரண்டு பேர்.

அப்போதுதான் புயல் வந்தது.

தோபியாஸ் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாகச் சொன்னார். பிரச்சாரத்தை விட்டுவிட்டு வானொலிக்குப் போய், தெற்குக் கரை வழியாக ஏறும், மலைக்குள் நிற்கும், வெளியேறுங்கள் என்று இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்தினார். அவர் சொல்வதால் வராது என்று நிறையப் பேர் வீட்டிலேயே இருந்து டொமினோ ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை காலையில் தீவில் ஒரு விளக்குகூட எரியவில்லை. விளக்குக் கட்சிக்கு இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று அலுவலகத்தில் ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த சனிக்கிழமை நியூயார்க்கில் இருக்கும் நம் ஆட்கள் அனுப்பிய அறுபது ஜெனரேட்டர்கள் போன்ஸே துறைமுகத்தில் வந்து இறங்கின. கட்சியின் பெயருக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். ஒரு வீட்டுக்குப் போதுமான சின்ன ஜெனரேட்டர்கள். கிடங்கில் அடுக்கிப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். உடனே கொடுத்துவிட வேண்டும் என்றார் தோபியாஸ். கொடுக்கலாம், ஆனால் யார் கொடுத்தது என்று தெரியாமல் கொடுத்தால் கப்பல் கட்சிக்காரன் தன் கணக்கில் எழுதிக்கொள்வான் என்றேன். இரண்டு நாளில் ஸ்டிக்கர் வந்துவிடும் என்றும் சொன்னேன். அவர் முகம் போட்ட ஸ்டிக்கர். எந்தப் படம் போடப் போகிறாய் என்று கேட்டார். அதற்குப் பிறகு உடனே என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை.

அச்சகத்தில் கரண்ட் இல்லை. ஆகவே முதல் ஜெனரேட்டர் அச்சகத்துக்குப் போனது. இதை நீங்கள் கேவலமாகப் பார்ப்பது தெரிகிறது. நியாயமான முடிவுதான் அது. மற்ற ஐம்பத்தொன்பதும் அதை நம்பித்தானே இருந்தன.

மிக்தாலியாவின் முதல் அழைப்பு வந்தது திங்கட்கிழமை, புயலடித்து எட்டாம் நாள். உங்களுக்கு அவளைத் தெரியும், இந்த அறையில் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். குவாயாபால் மலையில் எங்கள் கட்சியின் வட்டத் தலைவி. அங்கே ஒரு முதியோர் வீடு நடத்தினாள். ஏழு பேர், ஏழு பேருக்கும் மூக்கில் குழாய், ஆக்ஸிஜன் இயந்திரம். அவளும் நானும் அந்த மலையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் என் அப்பாவின் தங்கை, ப்ரோவி அத்தை. அம்மா போன பிறகு எனக்குத் துவரை போட்ட சோறு பொங்கிப் போட்டு வளர்த்தவர்.

மலையில் சிக்னல் இல்லை. கீழே ஆற்றுப் பாலம் வரை வண்டியில் இறங்கி வந்துதான் பேச முடியும்.

“அண்ணே, வீட்டு ஜெனரேட்டர் புகைஞ்சு போச்சு. கார் பேட்டரியில ரெண்டு மெஷினு ஓடுது. மத்தவங்களுக்கு சிலிண்டர மாத்தி மாத்திக் குடுக்கறேன். வெள்ளிக்கிழமைக்கு மேல தாங்காது.”

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயேன் என்றேன்.

“ஆஸ்பத்திரியே இருட்டுல கிடக்கு. ஹெலிகாப்டர் வரும்னாங்க, வரல. நியூயார்க்ல இருந்து நம்ம கட்சிக்கு வந்திருக்காமே? ஒண்ணு போதும். நானே வந்து தூக்கிட்டுப் போயிடறேன்.”

பாலத்திலிருந்து என் கிடங்கு ஒரு மணி நேரம். நான் சொன்னது இதுதான்: “வந்திருக்கு மிக்தாலியா, ஆனா கப்பல்லேருந்து இன்னும் இறக்கலை. காகிதம் முடியணும்.”

 அத்தை பேசியதை அவள் தன் போனில் பதிந்து வைத்திருந்தாள், அதைப் போட்டுக் காட்டினாள். பெரியவர்களுக்கு நாங்கள் வணக்கமாகச் சொல்கிற “ஆசீர்வாதம் அத்தை” என்பதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் குரல் வந்துவிட்டது. “ஆண்டவன் உன்னை ஆசீர்வதிக்கட்டும்பா. உன் ஆளு இந்தத் தடவை சரியாச் சொல்லிப்புட்டானே, அவனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” பின்னால் மற்ற கிழங்கள் சிரிப்பதும் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது.

ஸ்டிக்கர்கள் அந்த வாரச் சனிக்கிழமை மதியம்தான் தயாராயின. அருமையாக வந்திருந்தன. வாளித் தண்ணீரில் ஒன்றை முக்கிப் பார்த்தேன், ஓரம்கூடத் தூக்கவில்லை. ஆக, சனிக்கிழமைக்குப் பிறகு ஸ்டிக்கரைக் காரணம் சொல்ல முடியாது. நான் சொல்லவும் இல்லை.

உண்மையான காரணம் விவாதம். வியாழக்கிழமை ஐந்து வேட்பாளர்களும் வானொலியில் விவாதிப்பதாக ஏற்பாடு. சாதாரண நாளில் இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் தொலைக்காட்சி இல்லை, இணையம் இல்லை, மொத்தத் தீவும் பேட்டரி வானொலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் வாழ்நாளில் இன்னொரு முறை அப்படிப்பட்ட கூட்டம் கிடைக்காது. கொடுத்தவன் நல்லவன் என்று பெயர் வாங்கலாம், அதற்கு நூற்றில் இரண்டு பேர் வருவார்கள். கொடுக்காதவனைக் கைநீட்டிக் காட்டினால் எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்தேன். கையை நீட்ட ஏதாவது நடந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மிக்தாலியா திரும்பக் கூப்பிட்டாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“ரெண்டு பேர் போயிட்டாங்க அண்ணே. ஞாயித்துக்கிழமை தோன் செவேரோ. நேத்து கார்மின் அம்மா. இன்னும் அஞ்சு பேரு. கப்பல் என்னாச்சு?”

வியாழக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்றேன்.

“வியாழக்கிழமைன்னா இன்னும் ரெண்டு ராத்திரி.”

தெரியும் என்றேன். அது உண்மை.

அன்று மதியம் பேச்சை எழுதினேன். நல்ல பேச்சு. வானிலைக்காரனுக்குப் புயல் வருவது தெரியும், கவர்னருக்குத் தெரியாதா என்று ஆரம்பம். நடுவில், “குவாயாபால் மலையில் ஒரு சின்ன வீட்டில் ஐந்து பேர் மூச்சில்லாமல் இறந்தார்கள், அவர்கள் பெயரைச் சொல்கிறேன், கேளுங்கள்” என்று வரும். அதன் கீழே ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு வரிகள். முதல் இரண்டில் பெயர்களை நிரப்பினேன். மூன்றைக் காலியாக விட்டேன். தேதியைப் பக்கத்தின் மேலே எழுதுவது என் பழக்கம், எழுதினேன். ஏன் ஐந்து என்று கேட்கிறீர்கள். இரண்டு என்றால் வயதான இருவர், பாவம், அவ்வளவுதான். ஏழு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், மொத்த வீடும் எப்படிச் சாகும் என்பார்கள். ஐந்து காதில் நன்றாக விழும்.

புதன்கிழமை தோபியாஸ் ஒத்திகை பார்த்தபோது காலி வரிகளில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்னய்யா இது, பேரில்லாம?”

குடும்பத்தாரிடம் உறுதி செய்துகொண்டிருக்கிறோம் என்றேன். மலைக்கு ஜெனரேட்டர் போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன். அவர் நல்ல மனுஷன், அவரிடம் கேட்டுப் பாருங்கள்; அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு, ஆனால் அது குற்றமில்லை.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் மூன்று பெயர்களும் கிடைத்துவிட்டன.

விவாதத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தோபியாஸ் நான்காவது பெயரில் அழுதுவிட்டார். எழுதிக்கொடுத்து வரவழைத்த அழுகை இல்லை அது. கப்பல்காரர் ஏதோ கோப்பு, ஏதோ குழு என்று உளறினார். பாதிரியார் ஜெபம் செய்யலாமா என்றார். பேராசிரியை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேள்வி கேட்காமல் இருந்தார். மாட்டுவண்டிக்காரர் மட்டும் தாத்தா பேச்சை முழுக்கச் சொல்லி முடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை கிடங்கைத் திறந்தேன். கட்சிப் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒரு லாரி முன்னால் போக, ஐம்பத்தொன்பது ஜெனரேட்டர்களும் தெற்கு மலை முழுக்கப் போயின. குவாயாபாலுக்கு இரண்டு. அங்கே லாரி ஓட்டிப் போனவன் புது ஆள், அவனிடம் நான் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அது என் கவனக்குறைவு. மிக்தாலியா வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தாளாம். கப்பல் எப்போது வந்தது என்று சாதாரணமாகக் கேட்டாளாம். “அது ஆச்சுக்கா பன்னெண்டு, பதிமூணு நாளு. கிடங்குல தூங்கிட்டிருந்துச்சு” என்றிருக்கிறான். அவள் அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அடக்கத்துக்கு ஐந்து பெட்டிகளும் ஒன்றாக வந்தன. ஒன்றை நானும் தூக்கினேன். தோபியாஸ் நனைந்துகொண்டே கல்லறைவரை நடந்தார்; அன்று மழை வராது என்றுதான் சொல்லியிருந்தார். மிக்தாலியா என் பக்கம் வந்து நின்றாள். “அண்ணே, இனிமே உங்க பேரச் சொல்லிக் கூப்பிடட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். எனக்குப் புரியவில்லை. கூப்பிடேன் என்றேன். அதற்கப்புறம் அவள் என்னைக் கூப்பிடவே இல்லை.

நூற்றுக்கு இருபத்தேழு. எல்லாரும் எதிர்பார்த்ததைவிட அதிகம். தோபியாஸ் கவர்னர், நான் அவருடைய முதன்மைச் செயலர். மிக்தாலியா பத்திரிகைக்காரர்களிடம் போனாள். ஆனால் அந்த மாதம் ஐந்து கட்சியும் மற்ற நான்கு கட்சி மேலும் கொலைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தன, அவளுடையது கூட்டத்தில் ஒன்றாகிவிட்டது. பிறகு தோபியாஸிடமே போயிருக்கிறாள். அவர் எந்தக் காகிதத்தையும் எறிய மாட்டார். பழைய வானிலை அறிக்கைகளைக்கூடப் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார். நான் செவ்வாய்க்கிழமை எழுதிய பேச்சுத் தாளை எடுத்து, தேதியைப் பார்த்து, காலி வரிகளைப் பார்த்து, தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து உங்களிடம் கொடுத்தாராமே. அவரிடம் எனக்குக் கோபமில்லை. நான் கொண்டுவந்த கவர்னர் நேர்மையானவர் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

ஆமாம், அறுபது ஜெனரேட்டர்களும் என்னிடம் இருந்தன. ஆமாம், அவர்கள் சாவார்கள் என்று தெரிந்துதான் பூட்டி வைத்தேன். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள். புதன்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் ஓர் ஆளை மலைக்கு அனுப்பினேன். வண்டியின் பின்னால் முழு ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று. “ப்ரோவி அத்தைக்கு மட்டும்” என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். அத்தை அதைத் தன் கட்டிலில் வைத்துக்கொள்ளவில்லையாம். பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். அந்த இரண்டு பேர் இப்போதும் நன்றாக இருக்கிறார்கள்; அடக்கத்தில் நான் தூக்கியது அத்தையின் பெட்டி. தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று தெரியவில்லை. அத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் விளக்கியிருப்பேன். நான் ஐந்து என்று எழுதியபோது அந்த வீட்டில் மொத்தம் ஏழு பேர் என்பது எனக்குத் தெரியும். நான் கணக்குப் போட்ட ஐந்தில் அத்தையைச் சேர்க்கவில்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.